நாற்காலி இறங்கும், விலை இறங்காது

என் கணவரைத் தெருவில் எல்லோரும் சேர்காரர் என்றுதான் சொல்வார்கள். பழைய அலுவலக நாற்காலிகளை வாங்கிவந்து, சக்கரம் மாற்றி, உட்கார்ந்தால் இறங்காதபடி ஹைட்ராலிக்கை மாற்றி, துணியைக் கழுவிக் காயப்போட்டு, போனில் ஒரு விற்பனை ஆப்பில் போட்டு விற்பது அவர் தொழில். அவர் இறந்த பிறகும் ஆப்பில் அவர் கடை திறந்தே இருந்தது. கதவைச் சாத்த எங்கே கைவைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் அவர் ஒரு சரக்கு அலுவலகத்தில் பில் போடும் வேலையில் இருந்தார். அலுவலகத்தை மூடியபோது மேஜைகளை யாரோ மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். நாற்காலிகளை மட்டும் குப்பை வண்டிக்காக வாசலில் நிறுத்திவைத்திருந்தார்கள். இவர் இத்தனை வருஷம் உட்கார்ந்த நாற்காலியும் அந்த வரிசையில் நின்றது. காவலாளியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். "தாராளமா எடுத்துட்டுப் போங்க சார், வண்டிக்காரன் என்னைத் திட்டறது கொஞ்சம் குறையும்" என்றாராம் அவர். ஏற்றிக்கொள்ள எந்த வண்டியும் சம்மதிக்காததால் தெருவோடு உருட்டிக்கொண்டே வந்தார். வேலை போன மனிதர், அடையாள அட்டையைக்கூடக் கழுத்திலிருந்து கழற்றாமல், ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடைபாதையில் வருகிறார். வழியில் ஒருவர், "என்ன விலை?" என்று கேட்டிருக்கிறார். "இது விக்கறதுக்கு இல்லீங்க" என்று சொல்லிக் கொஞ்ச தூரம் வந்தவர், திரும்பிப் போய், "அங்க இன்னும் நிறைய நிக்குது, ஒண்ணு கொண்டுவந்து தரட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். தொழில் அப்படித்தான் ஆரம்பித்தது.

வாய்விட்டுப் பேரம் பேச அவருக்கு வராது. காய்கறிக் கடையில் நான் விலை கேட்க ஆரம்பித்தால், பக்கத்துக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் வாளிகளைப் பார்க்கப் போய்விடுவார். பேரம் முடிந்து பை நிறைந்த பிறகு, வழியில் தற்செயலாகச் சந்தித்தவரைப் போல வந்து பையை வாங்கிக்கொள்வார். ஆனால் போனில் அவர் வேறு ஆள்.

அந்த ஆப்பில் விற்கிறவர் ஒரு விலை போடுவார். வாங்குகிறவர் அதே விலைக்கு வாங்கலாம், அல்லது 'ஆஃபர்' என்ற பொத்தானை அழுத்தித் தன் விலையைச் சொல்லலாம். ஆஃபர் வந்தால் சில்லறைக் காசு தட்டில் விழுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். விற்கிறவருக்கு மூன்று பொத்தான்கள்: ஏற்கிறேன், மறுக்கிறேன், வேறு விலை சொல்கிறேன். ஒரு நாளுக்குள் எதையும் அழுத்தாவிட்டால் ஆஃபர் காலாவதியாகிவிடும். இடையிடையே ஆப்பும் தன் பங்குக்குப் புத்தி சொல்லும். விலையைக் கொஞ்சம் குறைத்தால் சீக்கிரம் விற்குமே என்று வெட்கமில்லாமல் கேட்கும். "பாரு, வாங்கறவனுக்கும் இவன்தான் தரகன், விக்கறவனுக்கும் இவன்தான் தரகன்" என்பார் இவர்.

முகம் தெரியாத மனிதர்களோடு அவர் தட்டச்சில் பேசுகிற அழகை நான் அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போதே வாயால் சொல்லிக்கொள்வார். "ஐயா, உங்க விலை நியாயமானதுதான், நாற்காலிக்குத்தான் அது புரியலை." இழுபறியாகப் போனால் கடைசியாக ஒரு வரி வைத்திருந்தார். "உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், நடுவுல ஒரு விலைக்கு முடிச்சுக்கலாம்." பெரும்பாலும் அதில் முடிந்துவிடும்.

ஒருமுறை கண்ணாடி போடாமல் மறுக்கிறேன் என்பதற்குப் பதிலாக ஏற்கிறேன் என்பதை அழுத்திவிட்டார். அடிமாட்டு விலை. ரத்து செய்ய வழி இருந்தது, நானே பார்த்துச் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

"அந்தம்மா இந்நேரம் வீட்ல சொல்லியிருக்கும், சேரு கிடைச்சிடுச்சுன்னு. இப்பப் போய் இல்லைன்னா நல்லா இருக்குமா?"

"தப்பா அழுத்திட்டேன்னு சொல்லுங்க. உண்மைதானே."

"ஒத்துக்கிட்டா ஒத்துக்கிட்டதுதான். விரல் ஒத்துக்கிச்சு, நான் ஒத்துக்கலைன்னா எவன் நம்புவான்?"

அந்த நாற்காலியை மற்றவற்றைவிட ஒருமுறை கூடவே துடைத்து அனுப்பினார்.

அவர் உருட்டிக்கொண்டு வந்த அந்த முதல் நாற்காலி எங்கள் ஹாலில், ஜன்னலுக்கும் போன் சார்ஜ் போடும் இடத்துக்கும் நடுவில் நின்றது. ஊர் நாற்காலிகளுக்கெல்லாம் ஹைட்ராலிக் மாற்றியவர் அதற்கு மட்டும் மாற்றவில்லை. உட்கார்ந்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். பேசிக்கொண்டே இருப்பார், ஜன்னல் விளிம்பு அவர் மார்புவரை வந்துவிடும். எழுந்து, இருக்கைக்கு அடியில் இருக்கும் நெம்பியைத் தூக்கி உயர்த்திவிட்டு மறுபடி உட்கார்ந்து பேச்சை விட்ட இடத்தில் தொடருவார்.

ஹாலை அடைக்கிறது, இதையும் விற்றுத் தொலையுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் ஆப்பில் போட்டுவிட்டேன் என்றார். பார்த்தால், புதிய நாற்காலி வாங்கினாலும் அந்த விலை ஆகாது. "வீட்டுக்காரம்மா சொன்ன மாதிரி போட்டாச்சு. யாராவது வாங்கினா நானா வேண்டாங்கறேன்?" கீழே விவரத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'ஒரே ஒரு குறை உண்டு. நாற்காலி இறங்கும், விலை இறங்காது.'

அந்த வரிக்காகவே அதற்கு நிறைய இதயக் குறிகள் விழுந்தன. வாங்கத்தான் ஆள் இல்லை. அரைவிலை மட்டும் விடவில்லை.

அரைவிலை என்பது இவர் வைத்த பெயர். அந்த ஆள் தன் மகள் படிக்க ஒரு நாற்காலி கேட்டு இவரிடம் வந்தவர். எந்த நாற்காலியைப் பார்த்தாலும் போட்ட விலையில் சரியாகப் பாதி கேட்பார். மகளுக்கான நாற்காலி நடுவில் ஒரு விலைக்கு முடிந்து, பார்சலில் போயும் விட்டது. அதன் பிறகும் அவர் போகவில்லை. ஹாலில் நிற்கும் இந்த நாற்காலிக்குப் பாதி விலை ஆஃபர் அனுப்புவார். இவர் மறுக்கிறேன் என்பதை அழுத்துவார். உடனே அங்கிருந்து ஒரு வரி வரும்: 'அதானே பார்த்தேன்.' சில நாள் கழித்து மறுபடி பாதி. மறுபடி மறுப்பு. மறுபடி, 'அதானே பார்த்தேன்.'

"இந்த ஆளுக்கு வேற வேலை இல்லையா?" என்பேன்.

"பாவம், நம்ம அரைவிலைத் தம்பி. இன்னைக்கு லேட்டாயிடுச்சேன்னு நானே நினைச்சேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அவர் அண்ணே என்பார், இவர் தம்பி என்பார், அவ்வளவுதான். விலையைத் தவிர வேறு எதையும் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், குளியலறைப் படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வீடு முழுக்க நாற்காலிகள் இருந்தன.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அந்த நாற்காலிகளில்தான் உட்கார்ந்தார்கள். சுழன்று சுழன்று ஒருவருக்கொருவர் விசாரித்துக்கொண்டார்கள். யாரோ ஒரு குழந்தை சுற்றி விளையாடியது. அதட்டினார்கள். விடுங்கள் என்றேன். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அப்படி யாரும் சொல்லிவைக்கவும் இல்லை.

போனை நான் அணைக்கவில்லை. சார்ஜ் குறைந்தால் போட்டேன், நிறைந்தால் எடுத்தேன். காசு விழும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. வந்து பார்ப்பேன். மூன்று பொத்தான்களும் இருக்கும். பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். மறுநாள் அதே இடத்தில் 'காலாவதியானது' என்று சாம்பல் நிறத்தில் இருக்கும். நீங்கள் பதில் சொல்லும் வேகம் குறைந்துவிட்டது என்று ஆப் வருத்தப்பட்டது.

அரைவிலையின் ஆஃபர்களும் வந்தன. காலாவதியாயின. பிறகு வரிகள் வர ஆரம்பித்தன. 'அண்ணே, ஊர்ல இல்லையா?' 'வேண்டாம்னாவது சொல்லுங்க.' 'கோச்சுக்கிட்டீங்களா?' பதில் எழுதலாம் என்று ஒருமுறை எடுத்தேன். எழுத வேண்டியது இரண்டே வார்த்தைதான். அவர் கணக்கிலிருந்து, அவர் படத்துக்குப் பக்கத்தில், அவர் இறந்துவிட்டார் என்ற வரி போய் நிற்கும். போனை வைத்துவிட்டு, ஊறவைத்த துணியைத் துவைக்கப் போனேன்.

என் கொழுந்தன் வாரக் கடைசியில் வந்துபோவார். பின்னறையில் நாற்காலிகள் தலைகீழாகவும் நேராகவும் அடுக்கிக் கிடந்தன. எடுத்து எண்ணெய் போட ஆளில்லாமல் சக்கரங்களில் தூசு சுருண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போனை எடுத்து உட்கார்ந்தார்.

"அண்ணி, இதுல ஒரு வசதி இருக்கு. குறைஞ்சபட்ச விலை ஒண்ணு போட்டு வச்சுட்டா, அதுக்கு வர்ற ஆஃபரை அதுவே ஒத்துக்கும். நீங்க போனைத் தொடவே வேண்டாம். பாதின்னு போட்டுடட்டுமா? பாதியோ, அதுக்கு மேலயோ வந்தா சரின்னு போயிடும்."

"போடுங்க தம்பி."

"அண்ணன் பார்த்தா என்னை வெட்டிப் போட்டிருப்பார்."

"ம்."

"எல்லாத்துக்கும் போடட்டுமா?"

"எல்லாத்துக்கும்."

பின்னறை நாற்காலிகளை நினைத்துக்கொண்டு சொன்னேன். அவரும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். 'எல்லாவற்றையும் தேர்ந்தெடு' என்ற கட்டத்தை ஒருமுறை தொட்டார். சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பின்னறை மெல்லக் காலியானது. கொழுந்தன் ஏற்பாடு செய்த பார்சல்காரர் வந்து, வாங்கியவர் பெயர் சொல்லி, தூக்கிக்கொண்டு போனார். எனக்கு எதுவும் தோன்றவில்லை. சுவரில் நாற்காலி முதுகுகள் உரசிய கோடுகள் வெளியே தெரிந்தன.

பிறகு ஒரு காலையில் காசு விழுந்தது. அதைத் தொடர்ந்து நான் அதுவரை கேட்டிராத நீளத்தில் ஒரு சத்தம். போய்ப் பார்த்தேன். அரைவிலை வழக்கம்போலப் பாதி அனுப்பியிருந்தார். பக்கத்தில் பச்சையில், 'வாழ்த்துகள்! ஆஃபர் ஏற்கப்பட்டது.' படத்தில் ஜன்னல், ஜன்னல் ஓரம், அந்த நாற்காலி.

அதானே பார்த்தேன் என்று வரவில்லை. வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. பிறகு வந்தது:

'அண்ணே?'

கொழுந்தனுக்குப் போன் செய்தேன். அவர் பதறிப்போனார்.

"ஐயோ அண்ணி, அதை நான் கவனிக்கவே இல்லையே. ரத்து பண்ணிடலாம், ஒண்ணும் பிரச்சினை இல்லை. சாமான் உடைஞ்சு போச்சுன்னு ஒரு காரணம் போட்டா போதும்."

"உடையலையே."

"அண்ணி, அது அண்ணனோட சேரு."

"அண்ணன் பேர்லதான் ஒத்துக்கிட்டிருக்கு தம்பி. ஒத்துக்கிட்டா ஒத்துக்கிட்டதுதான்னு சொல்வார் இல்ல?"

உங்களுக்கு வேண்டாமா அண்ணி என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அது உண்மைதான். அந்த நாட்களில் பசிக்கிறதா என்று கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அரைவிலை எழுதியிருந்தார். முகவரியை ஆப்பே கொடுத்துவிட்டது. நான் நாற்காலியைத் துடைத்தேன். கைப்பிடியில் என் கணவரின் முழங்கை தேய்த்த இடம் வழவழவென்று இருந்தது. அந்த இடத்தையும் துடைத்தேன். பின்னறையில் மிச்சமிருந்த பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அவர் ஒட்டுகிற மாதிரியே குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டி, வாசல் பக்கம் உருட்டி நிறுத்தினேன். ஜன்னல் ஓரத் தரையில் சக்கரங்கள் நின்ற இடம் வட்டமாக வெளிறியிருந்தது. பெருக்கினேன், போகவில்லை.

மதியம் ஒரு பள்ளிக்கூட வேன் வந்து வீட்டு முன்னால் நின்றது. உள்ளே பிள்ளைகள் யாரும் இல்லை. ஓட்டுநர் சட்டை போட்ட ஒருவர் இறங்கி, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் தயங்கினார்.

"சேர்காரண்ணன் வீடுதானேம்மா? அண்ணன் இருக்காரா?"

"இல்லை."

"எப்ப வருவார்?"

நான் தாள் சுற்றிய நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அவசரமாகச் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார்.

"இல்ல, நான் சேரை எடுக்க வரலைம்மா. நான் பாதி கேட்பேன், அவர் முடியாதும்பார். அதுதான் எங்களுக்குள்ள. காலையில வண்டியில பிள்ளைங்களை ஏத்திக்கிட்டிருக்கேன், ஒத்துக்கிட்டார்னு வருது. அந்த மனுஷன் பாதிக்கு இறங்கமாட்டாரே, என்ன கஷ்டமோ, யார்கிட்ட சொல்லுவாரோன்னு தோணுச்சு. மீதியைக் கையில குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். முழு விலையும் வச்சுக்கட்டும், சேரும் வச்சுக்கட்டும். என்னம்மா, அவருக்கு உடம்பு ஏதும் முடியலையா?"

சொன்னேன். ஒரே வாக்கியம்தான். அவர் செருப்பைக் கழற்றினார்.

உள்ளே வந்தவர் உட்கார இடம் தேடி, பிளாஸ்டிக் தாள் சுற்றிய நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். எதில் உட்கார்ந்தோம் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. தாள் சரசரத்தது. எப்போது என்று கேட்டார். சொன்னேன். அப்போதெல்லாம் கூடக் கோபித்துக்கொண்டீர்களா என்று எழுதிக்கொண்டிருந்தேனே என்றார். ஆமாம் என்றேன். இன்று ஆஃபரைப் போன் தானாகவே ஒத்துக்கொண்டதையும் சொன்னேன். அவர் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். முழங்கால் மேலே வந்த பிறகுதான் கவனித்தார்.

"என்னம்மா இது, இறங்குது!"

"அது அப்படித்தான். போட்டிருந்தாரே."

"நான் அதைச் சும்மா நக்கலுக்கு எழுதியிருக்கார்னு இல்ல நினைச்சேன்! ஊர் சேரையெல்லாம் ரிப்பேர் பண்ணிட்டு... இந்த ஓட்டைக்கா அண்ணே இந்த விலை சொன்னீங்க?"

நாற்காலியைப் பார்த்துத்தான் கேட்டார். சிரிப்பு மாதிரி ஆரம்பித்த ஏதோ ஒன்று பாதியில் வேறாகிவிட்டது. முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"எடுத்துட்டுப் போங்க" என்றேன். "ஒத்துக்கிட்டதை அவர் மாத்தமாட்டார்."

"அவர் எங்க அண்ணி ஒத்துக்கிட்டார்?" அண்ணி என்று எப்போது மாறினார் என்று தெரியவில்லை. "போன்தானே ஒத்துக்கிச்சு."

"அவரோட போன்தானே."

அவர் யோசித்தார். தண்ணீரைக் குடித்தார்.

"எனக்கு எதுக்கு அண்ணி சேரு? காலையில இருந்து உக்காந்தே வண்டி ஓட்டறேன். வீட்டுக்குப் போனா சோத்தைக்கூட நின்னுக்கிட்டுத்தான் திம்பேன், பொண்டாட்டி திட்டுவா. எனக்கு வேணாம். உங்களுக்கு வேணுமா?"

நான் காலி டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

"உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம்னா நடுவுல யாருக்குத்தான் குடுக்கறது?"

என் கணவர் தட்டச்சு செய்யும்போது சொல்லிக்கொள்ளும் வரி, வேறு குரலில், ஹாலில் கேட்டது. அவர் அதை வேண்டுமென்று சொல்லவில்லை. என் கை போய் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது. டேப்பின் ஓரம் நகத்தில் பட்டது.

"பாதிக்குத் தரமுடியாது" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"முழு விலை குடுத்தா?"

"முழு விலை குடுத்தா எடுத்துட்டுப் போங்க."

"எனக்குக் கட்டுப்படியாகாது அண்ணி."

மீதிப் பணம் அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. இருவருமே அதைப் பார்க்கவில்லை. அவர் தன் போனை எடுத்து, வாங்கியதை ரத்துசெய்யும் இடத்தைத் தேடினார். காரணம் சொல்லாமல் ஆப் விடவில்லை. உரக்கப் படித்தார்.

"தவறுதலாக வாங்கிவிட்டேன். வேறு இடத்தில் குறைவாகக் கிடைத்தது. விலை அதிகம்... அண்ணி, இதைப் போட்டுடறேன். பாதிக்கு வாங்கிட்டு விலை அதிகம்னு ரத்து பண்ணினவன் உலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்."

பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டது என்று எழுந்தார். போவதற்கு முன் நெம்பியைத் தூக்கி நாற்காலியை உயர்த்திவைத்தார்.

கொழுந்தனிடம் அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். ஆப்பிலிருந்தே எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், தானாக ஒத்துக்கொள்வதை மட்டும் எடுங்கள், விலை அப்படியே இருக்கட்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

டேப்பைப் பிரிக்க ஒரு காலைப் பொழுது முழுக்க ஆனது. அவர் ஒட்டுகிற மாதிரி ஒட்டினால் லேசில் வராது. உருட்டிக்கொண்டுபோய் ஜன்னல் ஓரத்தில் அந்த வெளிறிய வட்டங்களின் மேலேயே நிறுத்தினேன். அப்போதுதான் காசு விழும் சத்தம் கேட்டது.

பாதி விலை.

சார்ஜ் ஒயர் எட்டும் தூரத்தில் உட்கார வேறு இடம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்று பொத்தான்களும் இருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் கம்பி மெல்ல மேலே ஏறியது. கால்கள் தரையில் அழுந்தின. எழுந்து, நெம்பியைத் தூக்கிவிட்டு, மறுபடி உட்கார்ந்து, மறுக்கிறேன் என்பதை அழுத்தினேன்.

உடனே வந்தது.

'அதானே பார்த்தேன்.'